ஆல்மா கட்டிவிட்ட டை

பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஏணியும் சுத்தியலும்தான் என் படிப்பு. இங்கிலாந்தின் லங்காஷயர் மலையடிவாரத்தில் எங்கள் ஊருக்கு வந்து, அடைமழையிலும் ஒழுகாத வீடு எது என்று கேளுங்கள். ஸ்டான்லி ஹாவர்த் கூரை போட்ட வீடு என்பார்கள். என் தங்கை ஆல்மாவின் வீட்டுக்கும் நான்தான் போட்டேன். அந்தக் கூரைக்குக் கீழே அவள் மாட்டிக்கொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆல்மா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். அவள் கிண்டிய கஸ்டர்டுக்காகவே காய்ச்சலோடு வகுப்புக்கு வந்த பிள்ளைகள் உண்டு. அவள் கணவர் டெரிக் பில்லிங் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வாய்க்கும் வீராப்புக்கும் மட்டும் ஒன்றும் ஆகவில்லை. நகராட்சி அனுப்பிய பெண் ஒருத்தி தினமும் காலையில் வந்து அவரைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டுப் போவாள். அந்த உதவியை நம்பித்தான் ஆல்மா வேலைக்குப் போனாள். அது நின்றால் வேலையும் போச்சு, வாசல்படி தாண்டுவதும் போச்சு.

உதவி இன்னும் தேவையா என்று பார்க்க நகராட்சியிலிருந்து நஸ்ரின் என்ற இளம்பெண் வந்தாள். வெளி ஆள் வந்தால் எங்கள் ஊரில் என்ன செய்வோம்? வீட்டைத் துடைப்போம், கேக் சுடுவோம், நல்ல கோப்பையை எடுத்து வைப்போம். உடம்பு எப்படி என்று கேட்டால், சாகக் கிடந்தாலும் "பரவாயில்ல, ஓடுது" என்போம். டெரிக் டை கேட்டார். ஒற்றைக் கையால் முடிச்சுப் போட வராது. ஆல்மா சிரித்துக்கொண்டே கட்டிவிட்டாள்.

"குளியலெல்லாம் எப்படி, பில்லிங் சார்?" என்று நஸ்ரின் கேட்டாள்.

"அதுக்கென்ன கண்ணு! பஸ்ஸைப் பனியில மலையேத்துனவன், ஒரு சோப்புக்கட்டிக்கா பயப்படுவேன்?"

எழுந்தும் நின்று காட்டினார். மேசையைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. ஆல்மா வாயைத் திறந்தாள். டெரிக் அவளைப் பார்த்தார்.

"இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கம்மா" என்றாள் ஆல்மா.

நஸ்ரின் தெரு தாண்டுவதற்குள் அவர் நாற்காலியில் சரிந்துவிட்டார். கட்டிலில் சேர்ப்பதற்குள் ஆல்மாவுக்கும் கூட இருந்த எனக்கும் மூச்சு வாங்கியது. மறுவாரம் போன் வந்தது: அடுத்த மாதம் முதல் காலை உதவி கிடையாது.

நான் விடுவேனா? நகராட்சிக்கே போனேன். அங்கிருந்த அதிகாரி கெட்டவரில்லை.

"நான் என்ன பண்ணட்டும்? லண்டன்லேருந்து வருசா வருசம்தான் பணம் வருது. அடுத்த வருசம் எவ்வளவுன்னு கடைசி நேரத்துலதான் சொல்றாங்க. தானே முடியும்ங்கிறவருக்குக் குடுத்தா, எந்திரிக்கவே முடியாதவங்களுக்கு எங்க போவேன்?"

"நான் போட்ட கூரை என் பேரன் காலத்துக்கும் நிக்கும். உங்க சர்க்கார் வருசத்துக்கு ஒரு தார்ப்பாய் போட்டு மூடுது. எந்தக் கட்சி வந்தாலும் ஒரு கமிட்டி, அப்புறம் அதே தார்ப்பாய்!"

சிரித்துவிட்டார் மனிதர். நஸ்ரினை இன்னொரு முறை அனுப்புவதாகச் சொன்னார். "ஆனா உங்க தங்கச்சி சொன்னாப் பத்தாது. அவருக்குப் புத்தி தெளிவா இருக்கு. முடியலைன்னு அவர் வாயால வரணும், இல்லைன்னா நஸ்ரின் கண்ணால பாக்கணும்."

அன்றைக்கே ஆல்மா டெரிக்கிடம் பேசினாள். "அவ வரும்போது எந்திரிக்காதீங்க. முடியலைன்னு சொல்லுங்க."

"என்னைக் குளிப்பாட்ட ஆள் வேணும்னு ஒரு சின்னப் பொண்ணுகிட்ட நான் கெஞ்சணுமா? அதுக்கு என்னை மலையிலேருந்து உருட்டி விட்டுடு."

"மாப்ளே, ஒழுகுதுன்னு சொன்னாத்தானே கூரைக்காரன் வருவான்?" என்றேன்.

"உன் முழங்கால் வலிய டாக்டர்கிட்ட சொன்னியா மச்சான்?"

நான் கேக்கை மென்றேன்.

அடுப்படியில் ஆல்மா மெதுவாகச் சொன்னாள்: "வேலைய விட்டா நாள் பூரா இந்தச் சன்னலும் நானும்தாண்ணே."

"அப்ப அவ முன்னாடியே உண்மையப் போட்டு உடைச்சிடு."

"அவர்கிட்ட மிச்சம் இருக்கிறதே அந்த வீராப்புதான். அதையும் பிடுங்கிட்டா, அப்புறம் அங்க உக்காந்திருக்கிறது யாரு?"

நஸ்ரின் வரும் நாளும் வந்தது. டெரிக் ஒற்றைக் கையால் சவரம் செய்ததில் தாடையெல்லாம் கீறல். கட்டிலில் உட்கார்ந்தபடி டையை நீட்டினார்.

"கட்டு."

ஆல்மா அசையவில்லை. கட்டாமல் விட்டால் போதும். டை இல்லாமல் அவர் வெளி ஆளைப் பார்க்கக் கூடத்துக்கு வரமாட்டார். நஸ்ரின் உள்ளே போய், கட்டிலோடு கிடப்பவரைக் கண்ணால் பார்த்துவிடுவாள். ஆல்மாவுக்கும் இது தெரியும். பள்ளிக்கூட ஏப்ரனைக்கூட அவள் இன்னும் அவிழ்க்கவில்லை.

அழைப்பு மணி அடித்தது.

டையை வாங்கினாள். முடிச்சுப் போட்டு இறுக்கி, காலரை மடித்துவிட்டாள். தாடையில் துளிர்த்த ரத்தத்தை ஏப்ரன் நுனியால் ஒற்றினாள். தோள் கொடுத்து அவரைக் கூடத்து நாற்காலிக்குக் கொண்டுவந்தாள்.

"கதவைத் திறங்கண்ணே" என்றாள்.

திறந்தேன். நஸ்ரின் காலணியைத் துடைத்து முடிப்பதற்குள் உள்ளிருந்து குரல் வந்தது.

"வா கண்ணு, வா! எனக்கென்ன, நல்லா ஓடுது!"