பளபளா அண்ணனும் மிஷின் போர்டும்

எந்தக் காகிதம் வந்தாலும், பிளாஸ்டிக் உறைக்குள் நுழைப்பதற்கு முன் அவர் அதன்மேல் ஒருமுறை ஊதுவார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப, பலூன்காரர் தோற்கும்படி ஊதுவார். "ஒரு தூசி உள்ள மாட்டிக்கிச்சுன்னா அதுவும் நூறு வருஷம் இருக்கும்" என்பார். பிறகு உறையை இயந்திரத்தின் வாயில் கொடுப்பார். இந்தப் பக்கம் துவண்டு போனது அந்தப் பக்கம் விறைப்பாக, சூடாக, மினுமினுத்துக்கொண்டு வரும். பத்தொன்பது வருடமாகப் பார்க்கிற அதிசயம்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எதிரில் நிற்பவரிடம், "பாத்தீங்களா?" என்பார்.

தெரு அவருக்கு வைத்த பெயர் பளபளா அண்ணன். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்கவேண்டிய கடை. ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், ஒரு லேமினேஷன் இயந்திரம், சுழல்வதை எப்போதோ நிறுத்திவிட்ட சுழல் நாற்காலி. காலை ஒன்பது மணிக்கு லேமினேஷன் இயந்திரத்தின் பச்சை விளக்கு எரிய ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை அணையாது. சாப்பிடப் போனாலும் அணைக்கமாட்டார். "அது திரும்பச் சூடாக பத்து நிமிஷம் ஆகும். பத்து நிமிஷம் குடுத்தா மனுஷன் மனசு மாறிடுவான்."

மனசு மாறுவது அவருக்குப் பிடிக்காத காரியம். லேமினேட் செய்துவிட்டு, "அய்யோ, இதுல ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு, பிரிச்சுக் குடுங்க" என்று வருபவர்களிடம் டாக்டர் முகத்தோடு கையை விரிப்பார். "போட்டது போட்டதுதான். பிளேடு வெச்சா அந்த வழியா ஈரம் எறங்கிடும். நான் செய்யமாட்டேன்."

கடைக்கு நேர்மேலே வீடு. அங்கேயும் பளபளப்புக்குக் குறைவில்லை. துணி துவைக்கும் இயந்திரம் உயிரை விட்டு ஆறு வருடமாகிறது. அதன் உத்தரவாதச் சீட்டு புத்தம் புதிதாக இருக்கிறது. மகளின் முதல் பல்லை லேமினேட் செய்யப் போய் பழைய இயந்திரத்தில் ஒரு பல்சக்கரம் உடைந்தது. "எனக்கு மறுபடி மொளைச்சிடுச்சு, அதுக்குத்தான் மொளைக்கல" என்று, இப்போது கல்லூரிக்குப் போகும் மகள் சொல்லிக்காட்டுவாள். வாசல் கதவில், "அரை மணியில் வந்துவிடுகிறேன்" என்று மனைவி என்றோ எழுதி வைத்த துண்டுச்சீட்டு. கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று உறை போட்டு ஒட்டிவிட்டார். அதை நம்பி வாசலில் காத்திருந்த விருந்தாளிகள் உண்டு. உள்ளே மனைவி இருந்தார்.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வலிக்காமல் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதில் பெயர் பெற்றவர். ஒரு நாள் ஊழியர்களுக்கு வாழ்க்கையில் முன்னேறுவது பற்றி வகுப்பெடுக்க ஒருவர் மைக்கும் கையுமாக வந்துபோனார். அன்று சாயங்காலம் மனைவி ஒரு பெரிய அட்டையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"என்னது அது?"

"விஷன் போர்டுக்கு."

"மிஷின் போர்டா? எந்த மிஷினுக்கு?"

"மிஷின் இல்லங்க, விஷன். நமக்கு என்ன வேணும்னு படமா வெட்டி ஒட்டி, தெனம் பாக்கணுமாம். பாத்துட்டே இருந்தா மனசு தெளிஞ்சிடுமாம்."

"ஏன், இப்ப கலங்கியா கெடக்கு?"

மனைவி கத்திரிக்கோலைத் தேடுவதில் மும்முரமாக இருந்தார். "சரி, உங்களுக்கு என்ன வேணும்? சொல்லுங்க, ஒரு மூலைல ஒட்டறேன்."

அண்ணன் ராத்திரிச் சாப்பாடு முழுக்க யோசித்தார். கை கழுவும்போது விடை கிடைத்தது. "இதவிடப் பெரிய சைஸ் மிஷின்."

"அப்ப மிஷின் போர்டேதான்" என்றாள் மகள்.

அடுத்த ஐந்து நாளும் சாப்பாட்டு மேசையில் அட்டை வளர்ந்தது. தண்ணீர் குடிக்கும் சாக்கில் அண்ணன் அடிக்கடி மாடிக்கு ஏறி இறங்கினார். தைல விளம்பரத்திலிருந்து வெட்டிய ஒரு ஆரோக்கியமான முழங்கால். யாரும் உட்காராத ஒரு சாய்வு நாற்காலி. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட கதவு. அப்புறம், தலையணையில் கன்னம் வைத்து உறங்கும் ஒரு நடுவயது ஆள்.

"இது யாரு?"

"யாரோ. மெத்தை விளம்பரம்."

"இவரு எதுக்கு உனக்கு?"

"வாய மூடிட்டுத் தூங்கறாரு பாருங்க."

நான்கு பக்கமும் படங்கள் நிறைந்தன. நடுவில் மட்டும் பென்சிலால் கட்டம் போட்ட ஒரு சதுரம், சரியாகச் சொன்னால் செவ்வகம், காலியாகவே இருந்தது. மனைவி பசைக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு மூடிவைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவார்.

வியாழக்கிழமை காலை மனைவி வேலைக்குப் போனதும் அண்ணன் தண்ணீர் குடிக்க ஏறினார். ஜன்னல் திறந்திருந்தது. முழங்கால் ஒரு ஓரத்தில் பெயர்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை இப்படியா போட்டு வைப்பாள்? அட்டையைக் கடைக்குக் கொண்டுவந்தார். முழங்காலை அமுக்கி ஒட்டினார். அழுக்காகத் தெரிந்த பென்சில் கோட்டை ரப்பரால் அழித்தார். கடையிலேயே பெரிய உறையை எடுத்தார். வழக்கத்தைவிட இரண்டு ஊதல் கூடுதலாக ஊதினார். மதியத்துக்குள் போர்டு கடைச் சுவரில், விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில், கண்ணைப் பறித்துக்கொண்டு தொங்கியது.

நாலு மணிக்கு மனைவி வந்தார். கடை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பாத்தீங்களா?" என்றார் அண்ணன், வாடிக்கையாளரிடம் சொல்வதுபோலவே.

மனைவி கிட்டே போய் நடுவில் விரல் வைத்தார். விரல் வழுக்கியது.

"நடுவுல காலியா இருந்துச்சே. ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

"டிசைன்னு நெனச்சேன். இப்பல்லாம் கல்யாணப் பத்திரிகைலகூட நடுவுல காலியாத்தான் விடுறாங்க."

மனைவி சிரித்துவிட்டார். ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரமே முடிந்துவிட்டது. "சரி விடுங்க. நானும் ஒரு வாரமா முடிவு பண்ண முடியாமத்தான் கெடந்தேன். நீங்களே சீல் வெச்சிட்டீங்க. இதுதான் பதில்னு எடுத்துக்கறேன்."

"எதுக்குப் பதில்?"

"ஒண்ணுமில்ல." வீட்டுச் சாவியைத் தேடிக் கைப்பையைக் கிளறினார். சாவியோடு ஒரு படம் வெளியே வந்து தரையில் விழுந்தது. புதிதாக வெள்ளையடித்த ஒரு கட்டடம், கண்ணாடிக் கதவு.

அண்ணன் குனிந்து எடுத்தார். படத்தைப் பார்த்தவர், பிறகு போர்டைப் பார்த்தார். அளவு விஷயத்தில் அவர் கண்ணுக்கு ஸ்கேல் தேவையில்லை. அஞ்சுக்கு மூணரை. தன் கையால் அழித்த பென்சில் கட்டமும் அஞ்சுக்கு மூணரை.

"இது எந்த எடம்?"

"எங்களோட புதுக் கிளை. மூணு மணி நேரம் போகணும். ஒரு வருஷம் அங்கயே தங்கி மொத்தத்தையும் நான் பாத்துக்கணுமாம். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சம்மதம் சொல்லணும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எதுவும் இருக்கற எடத்துலயே இருக்கணும்பீங்க நீங்க. நான் மட்டும் எப்படிப் போறதாம்?"

அண்ணன் வாயைத் திறந்தார். "அப்ப என் கண்ணாடிய யாரு தேடித் தருவா?" என்பதுதான் வெளியே வந்தது.

"நெத்தில இருக்கு" என்றார் மனைவி.

கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். போர்டைச் சுவரிலிருந்து கழற்றி மேசைமேல் போட்டார். இழுப்பறையிலிருந்து பிளேடை எடுத்தார். மனைவி ஒரு எட்டு முன்னால் வந்தார். "என்னங்க, பிளேடு வெச்சா ஈரம் எறங்கிடும்பீங்களே?"

"எறங்கட்டும். ஒரு வருஷம் தாங்கும்."

மேல் பிளாஸ்டிக்கில் மட்டும் படுகிறமாதிரி, ஸ்கேல் இல்லாமல் நாலு கோடு இழுத்தார். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக ஒரு மூலை கோணிக்கொண்டது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்தார். பிளாஸ்டிக்கோடு அட்டையின் மேல்தோலும் வந்து, நடுவில் சொரசொரப்பாக ஒரு வெள்ளை ஜன்னல் திறந்தது.

"சொரசொரன்னு இருந்தாத்தான் பசை புடிக்கும்" என்று, இல்லாத தூசியை ஊதிவிட்டு, பசைக்குச்சியை நீட்டினார்.

மனைவி படத்தின் பின்னால் பசை தடவினார். நாலு மூலையிலும், பிறகு நடுவிலும், ஊசி குத்துகிற அதே நிதானத்தோடு. ஒட்டுவதற்கு முன் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார்.

"ஒட்டினதும் மறுபடியும் மிஷின்ல விட்டுடாதீங்க. அங்க போய்ப் பிடிக்கலைன்னா நான் மாத்தணும்."

அண்ணன் கையை நீட்டி, பட்டப்பகல் நாலேகால் மணிக்கு, பச்சை விளக்கை அணைத்தார்.