அண்ணன் விடாமல் தேடிய பெட்ரோல் வாடை

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று அண்ணன் மகன் செந்தில் கேட்டபோது, மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததை முதலில் காட்டு என்றேன். காட்டினான். 'பொறுமையின் சிகரம்', 'அமைதியே உருவானவர்' என்று ஆளுக்கொரு பக்கம் எழுதியிருந்தார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கூடப் பிறந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், எங்கள் அண்ணனுக்குப் பொறுமை கிடையாது. உட்கார்ந்த இடத்தில் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது. சாப்பாட்டுக்கு நடுவே எழுந்துபோய் மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வருவார். பஸ்ஸுக்கு நின்றால், பஸ் வரும் திசையிலேயே நடக்க ஆரம்பித்துவிடுவார். அந்த மனிதரைத்தான் எனக்குத் தெரியும். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கடத்தூருக்கு மேற்கே எங்கள் ஊரில், அப்பா அம்மாவுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். அவருக்குப் பின் நான் ஒருத்திதான். நாங்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே அப்பா காலமாகிவிட்டார். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு நிலத்தில் இறங்கினார். போர் போட்டால் தண்ணீருக்குப் பதில் புழுதி வந்த காலம் அது. கொஞ்சம் தண்ணீர் கிடைத்ததும் தக்காளி போட்டார். விலை இல்லாத வருடங்களில் பறித்த கூலிக்கும் கட்டாமல் கூடை கூடையாக ரோட்டோரம் கொட்டியிருக்கிறார். ஆனால் என் படிப்பை மட்டும் நிறுத்தவில்லை. இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் நான் நன்றி கெட்டவள்.

எங்கள் வீட்டு வழக்கப்படி, பெண்ணழைப்புக்குத் தாய்மாமன்தான் பெண்ணைத் தன் வண்டியில் மண்டபத்துக்கு அழைத்து வர வேண்டும். எனக்குத் தாய்மாமன் இல்லை. அந்த இடத்தில் அண்ணன் நின்றார். அவரிடம் இருந்தது தக்காளி ஏற்றும் டெம்போ ஒன்றுதான். முதல் நாளே தேய்த்துத் தேய்த்துக் கழுவினார், சாம்பிராணி போட்டார். அப்படியும் அழுகின தக்காளி வாடை போகவில்லை. பட்டுப்புடவையோடு நான் இறங்கியபோது மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்துவிட்டார். சாப்பாட்டுப் பந்தியில் என்னிடம் வந்து குனிந்து, "ஒனக்குப் பொறக்கற புள்ளைய நான் காருல கூட்டியாறேன், பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கல்யாண நாளில் இதெல்லாம் எதற்கு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவர் மறக்கவில்லை. வருடங்கள் கழித்து, தருமபுரியில் ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர் தம்முடைய பழைய காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டு வாங்கி வந்தார். எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்த மாதிரி கார் தெரியும். உருண்டை முகம், பெஞ்சு மாதிரி நீளமான சீட்டு, பெட்ரோல் வண்டி. புதுசாக ஒன்று வாங்கலாமே என்று செந்தில் சொன்னதற்கு, "புதுசு வாங்கறவன் ஆயிரம் பேரு இருக்கறான்டா" என்றார். வெள்ளிக்கிழமைதோறும் அண்ணி அந்த வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார். விளக்குக்கு, கண்ணாடிக்கு, ஸ்டியரிங்குக்கு, எல்லாவற்றுக்கும்.

என் மகளுக்குக் காரிமங்கலம் பக்கத்தில் வரன் அமைந்து வைகாசியில் முகூர்த்தம் குறித்தோம். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அண்ணனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயம் பெரிதாகிவிட்டது, பாதி பலம்தான் இருக்கிறது என்று சேலத்தில் டாக்டர் சொன்னார். வண்டி ஓட்டக் கூடாது, அலையக் கூடாது, டென்ஷன் ஆகக் கூடாது. இதை யாரிடம் சொல்கிறார் அந்த டாக்டர் என்று எனக்குத் தோன்றியது. வெளியே வந்ததும் அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "வைகாசி வரைக்கும் தாங்குமா?"

அந்தச் சமயம் பார்த்துத்தான் வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடிக்க ஆரம்பித்தது.

முதலில் கண்டுபிடித்தது நான்தான். நல்ல வெயிலில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன், குப்பென்று முகத்தில் அடித்தது. சொன்னேன். அண்ணன் முகம் மாறிவிட்டது. அடுத்த நாளே மெக்கானிக் முனியப்பனைக் காலையில் வரவழைத்தார். காலையில் வாடை இல்லை. முனியப்பன் பெட்ரோல் போகும் ரப்பர் குழாயை மாற்றிவிட்டுப் போனார். மத்தியானம் மறுபடி அடித்தது. கார்புரேட்டரைக் கழற்றினார்கள். பம்பைப் பிரித்து மாட்டினார்கள். டேங்குக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனால் வெயில் ஏறினால் வாடையும் ஏறியது.

அதன் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. வண்டிக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் மூக்கு பழகிவிடும், வாடை தெரியாது. அதனால் அண்ணன் தன் மூக்கை நம்பாமல் ஊரார் மூக்கைக் கடன் வாங்கினார். பத்திரிகை வைக்கப் போன எனக்குக் காபி வருவதற்குள், "வாம்மா, செத்த நேரம் பின்னாடி ஏறி ஒக்காரு" என்பார். பால்காரர், கரண்டு பில் எடுக்க வந்தவர், சீர்வரிசைப் பாத்திரம் கொண்டுவந்த கடைக்காரர், எல்லோரும் அந்தப் பின்சீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். "அடிக்குதுங்களா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்பார். அடிக்கிறது என்றால் பிடரியைச் சொறிந்துகொண்டு வண்டியைச் சுற்றுவார். இல்லை என்றால் அவர்களுக்குச் சளியா என்று கேட்பார். மருந்து சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டிய மனிதர், மூச்சு வாங்க வாங்க டிக்கியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பார். அண்ணி அழுவார். அழுதாலும் கேட்கிற ஆள் இல்லை.

ஒருநாள் நான் வெட்டென்று சொல்லிவிட்டேன். "அண்ணா, இந்த வண்டியில என் புள்ளைய ஏத்த மாட்டேன். மண்டப வாசல்ல சூடம் கொளுத்தி ஆரத்தி சுத்துவாங்க. பெட்ரோல் வாடை அடிக்கற வண்டிகிட்ட சூடமா? வாடகைக் காரு சொல்லிக்கலாம். நீ முன்னாடி ஒக்காந்து வா, அதுவே தாய்மாமன் மொறைதான்."

அண்ணன் சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. "அதுஞ்சரிதாம்மா" என்றார். அப்படி அவர் என்னிடம் ஒத்துக்கொண்டதே கிடையாது. எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வாரமே பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பத்திரிகை வைக்கச் செந்தில் வண்டி எடுத்தான். அண்ணன் முன்சீட்டில், நானும் அண்ணியும் பின்னால். ஜன்னலை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டுதான் போனோம். திரும்பி வரும்போது வண்டி இழுத்து இழுத்து நின்றுவிட்டது. பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று செந்தில் போய் டேங்க் மூடியைத் திருகினான். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் எங்களுக்கே கேட்டது. பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தது. மூடியைப் போட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினான், வண்டி ஒன்றும் நடக்காதது மாதிரி கிளம்பியது.

"நிறுத்துடா" என்றார் அண்ணன். இறங்கிப் போய் மூடியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எத்தனையோ வெள்ளிக்கிழமைச் சந்தனம். ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து, மேலே குங்குமம் ஏறி, மூடி எங்கே என்று தெரியாத அளவுக்குத் தடித்துப் போயிருந்தது. வாயை வைத்து ஊதினார். முகம் சிவந்ததுதான் மிச்சம், காற்று போகவில்லை. அண்ணியின் தாலிச்சரட்டில் இருந்த ஊக்கை வாங்கி ரோட்டோரத்தில் நின்றபடியே சுரண்டினார். சந்தனத்துக்கு அடியில் சின்னதாக ஒரு துளை இருந்தது. டேங்க் மூச்சு விடுவதற்கென்றே வைத்த துளை. அது அடைபட்டுவிட்டதால் வெயிலில் சூடாகும் பெட்ரோலின் ஆவிக்கு வெளியே போக வழி இல்லை. எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று காட்டும் மிதவை பொருத்திய இடத்தில் பழைய ரப்பர் வாஷரைத் தள்ளிக்கொண்டு டிக்கிக்குள் கசிந்து, பின்சீட்டு வழியாக எங்கள் மூக்குக்கு வந்திருக்கிறது. ஓடும்போதோ, வெளிக்காற்று உள்ளே போக வழியில்லாமல் பெட்ரோல் வருவது நின்றிருக்கிறது.

முனியப்பனைக் கூப்பிட்டு, இத்தனை தரம் கழற்றியும் மூடியைப் பார்க்கவில்லையா என்று அண்ணன் கேட்டார். "பாத்தங்கண்ணா. பொட்டு வெச்ச எடத்த எப்புடீங்க சொரண்டறது? அதான் சுத்தமான துணியில எடுத்து வெச்சு, அப்புடியே திருப்பி மாட்டுனேன்" என்றார் அவர். அண்ணனும் இத்தனை நாள் அதே பக்தியோடுதான் அந்த மூடியைத் தொட்டிருக்கிறார். யாரை யார் குறை சொல்வது. வாஷரையும் புதிதாக மாற்றினார்கள்.

அண்ணிதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "சாமிக்கு வெக்கிறத வெக்காம இருக்க முடியுங்களா?"

"வெய்யி, யாரு வேண்டாங்கறாங்க. மூடிக்கு மட்டும் வெக்காத. அதுவும் மூச்சு வுடணுமில்ல" என்றார் அண்ணன்.

வாடை போய்விட்டது. ஆனால் அண்ணனுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. பெண்ணழைப்பு அன்று சாயங்கால வெயிலில் வண்டி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. செந்தில் ஓட்ட, அண்ணன் வேட்டி சட்டையில் முன்னால் உட்கார்ந்திருந்தார். பின்னால் என் மகளும் நானும். கண்ணாடியை இறக்கப் போனேன், "எறக்காத, இருக்கட்டும். வாடை வருதான்னு பாக்கணும்" என்றார். வைகாசி வெயிலில், பட்டுப்புடவையில், கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கல்யாணப் பெண்ணைக் கூட்டிப் போன தாய்மாமன் இந்த மாவட்டத்திலேயே எங்கள் அண்ணன் ஒருவராகத்தான் இருப்பார். பியூட்டி பார்லரில் போட்ட மேக்கப் கழுத்து வரை வழிந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஊர் தாண்டியதிலிருந்து திரும்பித் திரும்பிக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"வாடை அடிக்குதா கண்ணு?"

"இல்லீங்க மாமா."

"நெசமாவா?"

"நெசமாத்தாங்க மாமா. பூ வாசந்தான் வருது."

மண்டப வாசலில் சூடம் ஏற்றி ஆரத்தி சுற்றினார்கள். அண்ணன் மட்டும் தட்டைப் பார்க்காமல் டிக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் திறந்து என் மகளைக் கைப்பிடித்து இறக்கிவிட்டார். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. இதைவிட அவருக்கு என்ன வேண்டும் என்று நினைத்தேன். கல்யாணம் முடிந்து, மண்டபத்தைக் காலி செய்யும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாப்பா எனக்காகப் பொய் சொல்லியிருக்குமா? அது எம்மேல பாசமான புள்ள. நீயும் ஒண்ணும் சொல்லல." எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஆளை எதைச் சொல்லி ஆறுதல்படுத்துவது.

மறுவீட்டு விருந்து அண்ணன் வீட்டில். சம்பந்தி வீட்டாரை அழைத்து வர அந்தக் காரையே அனுப்பினார். சம்பந்தி அம்மா மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும் குணம் உள்ளவர். இதை அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். உச்சி வெயிலில் வண்டி வந்து நின்றது. அவர் இறங்கியதும் இறங்காததுமாக ஆரம்பித்தார். சீட்டு குழி விழுந்து கிடக்கிறது, இடுப்பு போய்விட்டது. கதவைச் சாத்த ஒரு ஆள் பலம் வேண்டும். ஓட்டிவந்த பிள்ளை கண்ணாடியை இறக்கவே விடவில்லை. சத்தத்தில் பேசினது ஒன்றும் கேட்கவில்லை. பள்ளத்தில் இறங்கினால் தலை மேலே இடிக்கிறது.

நான் தலை குனிந்து நின்றேன். அண்ணன் கட்டிலிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"வேறெதுனாங்க?"

"டயரு வேற கடகடங்குது."

"அப்பறங்க? உள்ள ஒக்காந்திருக்கறப்ப வேறெதுனா தெரிஞ்சுதுங்களா?"

"இதெல்லாம் பத்தாதுங்களா? வேறென்னத்தச் சொல்றது? அவ்வளவுதாங்க."

அண்ணன் சிரித்த சிரிப்பைப் பார்த்து சம்பந்தி அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று அவர் வந்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் போய்ப் படுத்தவர் விருந்தாளிகள் கிளம்பும் வரை அசையாமல் தூங்கினார். பகலில் அவர் தூங்கி நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

புரட்டாசியில் அண்ணன் எங்களை விட்டுப் போனார். சேலம் மருத்துவமனையில் அவரைத் தூங்க விடாமல் செய்தது மூச்சு மட்டும்தான், மனசில் ஒன்றும் இல்லை என்று அண்ணி சொன்னார். நான் அதை நம்புகிறேன். ஆனாலும் எனக்கு அண்ணன் இல்லை. பஸ் நிறுத்தத்தில் யாராவது பொறுமையில்லாமல் முன்னே பின்னே நடந்தால் எனக்கு இன்னமும் பகீரென்கிறது.

அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும், மருத்துவமனையில் மாறி மாறி உடனிருந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும், கடைசி வரை வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்த முனியப்பனுக்கும், காரியங்களில் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், வெயிலில் பின்சீட்டில் உட்கார்ந்து மூக்கைக் கடன் கொடுத்த அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சம்பந்தி அம்மா அவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மா, நாங்கள் எல்லோரும் வாடை இல்லை என்று சொன்னோம், அண்ணன் ஒருவரையும் நம்பவில்லை. உங்கள் வாயைத்தான் நம்பினார். அன்று எங்கள் வாசலில் நின்று நீங்கள் சொன்ன ஒவ்வொரு குறைக்கும் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.