வெர்லாவின் ஒரு சதவீதம்

ஒரு சதவீதம். அமெரிக்க அதிபர் வேட்பாளராகக் கட்சிக்குள் போட்டியிட்ட ஆல்டன் க்ரோக்கருக்கு நவம்பர் மாதக் கருத்துக்கணிப்பில் கிடைத்தது அவ்வளவுதான். அயோவா மாநிலம் முழுக்க ஐநூறு பேரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டதில் ஐந்து பேர் அவர் பெயரைச் சொல்லியிருந்தார்கள். அந்த ஐந்து பேரில் ஒருவர் எங்கள் ஊரான லின்ட் க்ரோவில் இரண்டு நாற்காலி போட்டு சலூன் நடத்தும் வெர்லா ஹௌகன்.

அவர் பெயர் சொன்ன விதமே ஒரு கதை. கணிப்பு நடத்திய பையன் ஆறு வேட்பாளர்களின் பெயரை வாசித்துவிட்டு, "அல்லது மற்றவர்கள்" என்று முடித்தான். க்ரோக்கர் அந்த ஆறில் இல்லை. மெய்ன் மாநிலத்தில் இரண்டு முறை ஆளுநராக இருந்த மனிதரை எப்படி விட்டீர்கள் என்று வெர்லா கேட்டார். அவரை யாருக்கும் தெரியாது என்றான் பையன். ஏன் தெரியாது? டிவியில் வருவதில்லை. டிவியில் ஏன் வருவதில்லை? கணிப்பில் அவருக்கு எதுவும் இல்லை.

"அப்ப நீங்க டிவிக்காரங்களைப் பார்க்கிறீங்க, அவங்க உங்களைப் பார்க்கிறாங்க. எங்களை யாருப்பா பார்க்கிறது?" என்றார் வெர்லா. க்ரோக்கர் பெயரை அவன் எழுத்துக் கூட்டிப் பதியும்வரை தொலைபேசியை வைக்கவில்லை. மறு நாற்காலியில் தலை காய்ந்துகொண்டிருந்த அம்மாள் அதற்குள் இரண்டு பத்திரிகை படித்து முடித்தார்.

முடிவு வெளியானதும் தானியக் கிடங்கு மேலாளர் ஆர்லோ ப்ரெக்கி அந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு முடி வெட்ட வந்தார். முன்னணியில் இருந்த செனட்டர் விட்காம்ப்புக்கு எங்கள் ஊரில் அணித் தலைவர் அவர்தான்.

"பிழை வரம்பு நாலு சதவீதம்னு போட்டிருக்கான், பார்த்தியா? கணக்குப்படி உன் ஆளுக்கு மைனஸ் மூணுகூட இருக்கலாம். அவர் போய் மத்தவங்களுக்கு ஓட்டுத் தரணும்."

"தலையை ஆட்டாதே. காது உனக்குத்தான் வேணும்," என்றார் வெர்லா.

ஐம்பத்தெட்டு வயதுவரை அரசியலில் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு பெண் எப்படி இதில் விழுந்தார் என்று பலரிடம் கேட்டேன். எல்லோரும் ஆகஸ்ட் மாதத்து நூலகக் கூட்டத்தைத்தான் காட்டினார்கள். க்ரோக்கர் வருகிறார் என்று பெரிய பாத்திரத்தில் சில்லி என்ற இறைச்சி பீன்ஸ் குழம்பைக் காய்ச்சி, இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டு வைத்திருந்தது நூலகத்துப் பெண்கள் குழு. வந்தவர்கள் நான்கு பேர். அதில் இருவர் ரொட்டிக்காக வந்தவர்கள். வெர்லா நூலகத்துக்குப் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தவர்.

நான்கு பேருக்கு முன்னால் மேடையேறுவதா என்று க்ரோக்கர் யோசித்திருக்க வேண்டும். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சில்லியையும் இனிப்பு ரொட்டியையும் ஒரே தட்டில் பார்த்துத் திகைத்தார். அப்புறம் ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்துத் தின்றார். எங்கள் ஊரில் பள்ளிக்கூடக் குழந்தைகள் தின்பது அப்படித்தான்.

பேச்சு மாவட்ட மருத்துவமனைக்குத் திரும்பியது. அங்கே பிரசவப் பிரிவை மூடி ஒரு வருடம் ஆகிவிட்டது. வெர்லாவின் மருமகள் நெடுஞ்சாலை ஓரத்தில், காரின் பின் இருக்கையில், பிள்ளை பெற்றவள். வண்டியை ஓட்டியவர் வெர்லா. அதை அவர் சொல்லத் தொடங்கியபோது க்ரோக்கர் குறுக்கே பேசவில்லை, தன் திட்டத்தையும் சொல்லவில்லை. கேள்வி மட்டும் கேட்டார். எந்த இடத்தில் வண்டியை நிறுத்தினீர்கள், யாருக்கு முதலில் போன் செய்தீர்கள், தொப்புள்கொடியை யார் அறுத்தது என்று. கடைசியில் குழந்தையின் பெயரைக் கேட்டார்.

"ஐவி," என்றார் வெர்லா.

அக்டோபரில் மறுபடியும் வந்த க்ரோக்கர் சலூன் கதவைத் திறந்ததும் கேட்டது: "ஐவி நடக்கிறாளா?"

வெர்லா முடிவு செய்தது அன்றுதான் என்று மருமகள் சொல்கிறாள். வெர்லா ஒப்புக்கொள்வதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வேட்பாளரை மூன்று முறையாவது நேரில் பார்க்காமல் யாரும் வாக்குக் கொடுக்க மாட்டோம். க்ரோக்கர் மூன்றாவது முறை டிசம்பரில் வந்தார், அதற்கப்புறம்தான் முடிவு என்பது அவர் வாதம். ஆனால் அந்தக் கருத்துக்கணிப்பு நவம்பரில் வந்தது என்பதை நினைவூட்டினால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. க்ரோக்கர் ஜெயிப்பார் என்று வெர்லாவே நம்பவில்லை. ஆனால் லின்ட் க்ரோவில் இருந்து க்ரோக்கர் பெயருக்கு நேராக ஓர் எண் போக வேண்டும். எங்கள் காக்கஸ் கூட்டத்தில் வாக்குச் சீட்டு கிடையாது. ஜனவரி மாதத்து ஒரு மாலையில் கட்சிக்காரர்கள் எல்லோரும் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கூடி, அவரவர் வேட்பாளருக்கான மூலையில் போய் நிற்போம். தலையை எண்ணுவார்கள். வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேராவது இல்லாத மூலை கலைந்துவிட வேண்டும். அங்கே நின்றவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், வீட்டுக்கும் போகலாம். அறிக்கையில் அந்த வேட்பாளருக்குப் பூஜ்யம். "நாங்க நின்னதே இல்லைன்னு ஆயிடும். காரை ஓரம்கட்டினதும் இல்லைன்னு ஆயிடும்," என்றார் வெர்லா.

அதனால் ஆள் சேர்த்தார். வீடு வீடாகப் போகவில்லை. வீடுகளே அவர் நாற்காலிக்கு வந்தன. வாராவாரம் தலை கழுவிச் சுருட்டிக்கொள்ள வரும் பெண்கள், ஊரில் இருந்த ஆண்கள் சலூன் மூடிய பிறகு இங்கே வரத் தொடங்கிய விவசாயிகள். "க்ரோக்கருக்கு வந்து நிற்பீங்களா?" என்று கேட்பார். "வரேன்" என்று சொன்னவருக்கு முடியைச் சுருட்டும் இளஞ்சிவப்புச் சுருட்டி ஒன்றை எடுத்துக் கண்ணாடி ஜாடிக்குள் போடுவார். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜாடியில் இருபத்தாறு சுருட்டிகள். இருபது பேர் நின்றாலே போதும் என்பது அவர் கணக்கு.

டிசம்பர் கடைசியில் அந்த நாற்காலியில் ஒரு டிவி வந்து உட்கார்ந்தது. நியூயார்க்கில் இருந்து வந்த செய்தியாளர் கெயில் ஓஸ்ட்ரோவுக்கு ஆர்லோவின் கிடங்கு வாசலில் நேரலை. பனிக்காற்று தலையைக் கலைத்துவிட்டது. சலூனுக்கு வந்தவரின் தலையைத் தொட்டிக்குள் சாய்த்துக் கழுவிக்கொண்டே வெர்லா கேட்டார்: எங்க ஆளை ஏன் காட்ட மாட்டேங்கிறீங்க?

கெயில் நேர்மையாகவே பதில் சொன்னார் என்று அங்கிருந்தவர்கள் சொல்கிறார்கள். "செய்தின்னா ஏதாவது நகரணும் வெர்லா. மேல ஏறணும், கீழ விழணும், இங்கேருந்து அங்கே போகணும். உங்க ஆள் ஒண்ணுல ஆரம்பிச்சார், ஒண்ணுலயே நிக்கிறார். நின்னுட்டு இருக்கிறதை நான் எப்படிப் படம் பிடிக்கிறது?"

வெர்லா கோபப்படவில்லை. இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். எவ்வளவு நகர்ந்தால் போதும்? யார் நகர்ந்தால் காட்டுவீர்கள்? "நகராதுன்னு நாங்க நினைச்ச ஆள் நகர்ந்தா கண்டிப்பா," என்றார் கெயில். போகும்போது காக்கஸ் அன்று ஆர்லோவின் மூலையைப் படம்பிடிக்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

காக்கஸ் நாளில் பனி இல்லை, கூட்டம் நல்ல கூட்டம். நூற்று முப்பத்திரண்டு பேர். ஒரு மூலை நிலைக்க இருபது பேர் வேண்டும். வெர்லா கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே க்ரோக்கர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எண்ணினார்கள். பதினான்கு.

மீதிச் சுருட்டிகள் எங்கே என்று தேட வேண்டியதில்லை. எதிர் மூலைகளில், முந்தின நாள் வெர்லாவே சுருட்டி விட்ட தலைகளோடு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஓபல் ஃபிங்கே என்ற எண்பது வயது அம்மாள் ஆளுநர் டோரனின் மூலையில் இருந்தார். டோரன் இரண்டாம் இடத்தில் இருந்தவர். ஆட்கள் இடம் மாற அரைமணி நேரம் தருவார்கள். வெர்லா நேராக ஓபலிடம் போனார்.

"வரேன்னு சொன்னீங்களே ஓபல்."

"சொன்னேன். டோரன் ஆளுங்ககிட்டயும் சொன்னேன், ஆர்லோகிட்டயும் சொன்னேன். கழுத்துல துணியைக் கட்டி, தலையைத் தொட்டியில சாய்ச்சு, கையில கத்திரிக்கோலோட கேட்டா மனுஷி வேற என்ன சொல்லுவா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெர்லாவும் சிரித்தார். முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்வது எங்கள் ஊர்ப் பழக்கம் இல்லை. முப்பது வருடம் அதே ஊரில் தலை வெட்டியவர் ஜாடியில் சுருட்டி போடும்போது அதை மறந்துவிட்டார். ஓபல் கைத்தடியை எடுத்துக்கொண்டு வளையத்துக்குக் கீழே வந்து நின்றார். முதல் எண்ணிக்கையிலேயே கலைந்துபோன சின்ன மூலைகளில் இருந்து இன்னும் மூவர் வந்தார்கள். பதினெட்டு. அதற்கு மேல் யாரும் அசையவில்லை.

அப்போதுதான் ஆர்லோ வந்தார். அவர் மூலையில் ஆள் உபரி. மாவட்டக் கட்சி மாநாட்டில் எங்கள் பகுதிக்கு மொத்தம் ஆறு பிரதிநிதி இடங்கள்; மூலைகளின் தலைக்கணக்குப்படி அவை பிரியும். க்ரோக்கர் மூலை கலைந்தால் விட்காம்ப்புக்கு மூன்று, டோரனுக்கு மூன்று. க்ரோக்கர் நிலைத்தால் அவருக்கு ஒன்று போகும், அந்த ஒன்று டோரன் கணக்கில் குறையும். டோரன் அணிக்குத் தலைவர் ஆர்லோவின் சொந்த மைத்துனர், கால்நடை மருத்துவர் டேரல். அவரோடு சமமாக முடிப்பதை ஆர்லோவால் தாங்க முடியாது.

"ரெண்டு பேரைக் கடனாத் தரேன்," என்றார் ஆர்லோ. "என் கிடங்குல வேலை செய்யற பசங்க. ஒரு ஓரமா நிப்பாங்க, தொந்தரவு இருக்காது." காக்கஸில் இது வழக்கம்தான், தப்பென்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

 வெர்லா தன் பதினெட்டுப் பேரைத் திரும்பிப் பார்த்தார். நிஜமாக வந்தவர்கள் பதினெட்டுப் பேர். இருபது என்று அறிக்கை போனால் அதில் இரண்டு பொய். கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் கூடத்தின் மறு கோடியில் ஆர்லோவின் மூலையைப் பார்த்து நிறுத்தியிருந்த கேமராவைப் பார்த்தார்.

"பசங்க வேண்டாம்," என்றார். "நீயும் உன் பெண்டாட்டியும் வாங்க."

"நானா? நான் அங்கே தலைவர், வெர்லா."

"கடன் கொடுக்கிறவன் கையில இருக்கிறதைத்தானே கொடுக்கணும். இல்லேன்னா விடு. நான் இவங்களைக் கூட்டிட்டு டேரல்கிட்டப் போறேன்."

ஆர்லோ மைத்துனரைப் பார்த்தார். டேரல் கையைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புதான் காரியத்தை முடித்தது என்று ஆர்லோவின் மனைவி எல்லோரிடமும் சொல்கிறார். விட்காம்ப் பெயர் போட்ட ஸ்டிக்கரை நெஞ்சில் இருந்து உரித்துப் பையில் போட்டுக்கொண்டு, கூடத்தின் நட்ட நடுவே, மனைவி பின்னால் வர, ஆர்லோ நடந்து வந்தார். கேமரா அவரோடு திரும்பியது. கெயில் ஓடி வந்தார்.

"ஏன் மாறினீங்க?" என்று ஒலிவாங்கியை நீட்டினார்.

ஆர்லோ வெர்லாவைப் பார்த்தார், ஒலிவாங்கியைப் பார்த்தார். பதினெட்டுப் பேர் அவர் வாயைப் பார்த்தபடி நின்றார்கள்.

"க்ரோக்கர் நல்ல மனுஷன்னு கேள்வி," என்றார். "மருத்துவமனை விஷயத்துல... கேட்டுக்கிறாராம்."

அடுத்து கெயில் வெர்லாவிடம் திரும்பினார். வெர்லா ஒளிக்கவில்லை. "இவரைக் கடன் வாங்கியிருக்கோம். ஆனா அவர் சொன்னது நிஜம்," என்றார். காருக்குள் பிறந்த குழந்தை கதையையும் சொன்னார். கெயில் இந்த முறை முழுவதும் கேட்டார். பிரசவப் பிரிவு மூடிய நாளையும், இப்போது அடுத்த மருத்துவமனைக்கு எத்தனை மைல் என்பதையும் தானாகவே கேட்டுக்கொண்டார்.

மறுபடி எண்ணினார்கள். இருபது. விட்காம்ப்புக்கு மூன்று இடம், டோரனுக்கு இரண்டு, க்ரோக்கருக்கு ஒன்று.

இரவுச் செய்தியில் வந்தது பதினோரு நொடி. அதில் ஏழு நொடி ஆர்லோ நடப்பது. கடன் விஷயம் வரவில்லை; அதை விளக்கப் பதினோரு நொடி போதாது என்று கெயில் அப்புறம் தொலைபேசியில் சொன்னார். வெர்லா கார் என்று சொல்வது வந்தது, குழந்தை என்று சொல்வதற்குள் வெட்டிவிட்டார்கள். ஆனால் திரையின் அடியில் க்ரோக்கர் என்ற பெயரும் அதன் பக்கத்தில் 1 என்ற எண்ணும் இருந்தன. மருமகள் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறாள். விட்காம்ப் அலுவலகத்தில் இருந்து ஆர்லோவுக்கு இரண்டு முறை போன் வந்தது. முதல் முறை அவர் எடுக்கவில்லை.

மாநிலம் முழுக்கப் பார்த்தால் க்ரோக்கருக்கு இரண்டு சதவீதம். அடுத்த விவாதத்துக்கு அவரை அழைக்கவில்லை. அடுத்ததாக வாக்களித்த நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்குப் பிறகு போட்டியில் இருந்து விலகினார். விலகுவதற்கு முந்தின நாள் சலூனுக்குப் போன் செய்து ஐவியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். வேறு என்ன பேசினார்கள் என்று வெர்லா சொல்லவில்லை.

அந்த ஒரு இடத்துக்கு லின்ட் க்ரோவின் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் வெர்லா ஹௌகன்தான். மார்ச் மாதம் மாவட்டக் கட்சி மாநாடு. வேட்பாளர் இல்லாவிட்டாலும் பிரதிநிதி போகலாம், தீர்மானம் கொண்டுவரலாம். பிரசவப் பிரிவைத் திறக்கக் கோரி அவர் ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறார். அதை வழிமொழிய ஒருவர் வேண்டும். சென்ற வியாழக்கிழமை முடி வெட்ட வந்த ஆர்லோ சம்மதித்திருக்கிறார். இந்த முறை வெர்லா வெட்டி முடித்து, துணியை அவிழ்த்து, அவர் எழுந்து நின்ற பிறகுதான் கேட்டார்.