முன் மெத்தை

எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. பட்டுப் புடவைக் கடையில் மடிக்கிற வேலைக்குப் போனேன். பெரிய காஞ்சிபுரத்தில் அதே கடை, முப்பத்துநான்கு வருஷம். மடித்தேன், எடுத்துக் கொடுத்தேன், விற்றேன். பிறகு கீழ்த்தளத்துக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். என் கீழே பதினோரு பேர். ஒன்பது பேர் பெண்கள்.

பொறுப்பு என்றால் கத்துவது என்றுதான் எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் இருந்தவர் கத்தினார். நானும் கத்தினேன். ஒரே மாதத்தில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். முதலாளி கூப்பிட்டார்.

"இன்னாப்பா, ஆளுங்களைப் பாத்துக்கச் சொன்னா வெரட்டிக்கினு இருக்கிற?"

"வேலை நடக்கணும் இல்லீங்களா."

"வேலை நடக்கறதுக்கு ஆளு இருக்கணும் இல்ல?"

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு வேறு வேலை தெரியாது. வயதும் நாற்பத்தெட்டு. பழக்கத்தை மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

வீடு கூரம் கிராமத்தில். பஸ்ஸில் வருகிற நேரத்தில் என் போனில் யூடியூபில் ஒருவர் பேசுவதைக் கேட்பேன். ஆட்களை நடத்துவது எப்படி என்று பேசுவார். பாதி இங்கிலீஷ். புரிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கத்துவதை நிறுத்துவதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கடைக்குள் நுழையும்போதே வாயில் ஒரு கிராம்பு. கோபம் வந்தால் கடிப்பேன். நாக்கு எரியும். எரிச்சல் அடங்குவதற்குள் பாதிக் கோபம் போய்விடும். பெண்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். "அண்ணன் வாயில கிராம்பு இருக்குதுடீ, இப்பவே லீவு கேட்டுக்கோ" என்று எனக்குக் கேட்கும்படியே பேசுவார்கள். அதற்கும் கடித்துக்கொண்டேன்.

தப்பு செய்தவரைப் பின்னால் இருக்கும் ஸ்டாக் ரூமுக்குக் கூப்பிட்டுத் தனியாகச் சொன்னேன். நன்றாகச் செய்தவரை எல்லோர் எதிரிலும் சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தினம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். யோசனை சொல்லமாட்டேன். கத்தாமல் இருப்பதைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆனால் நாம் சும்மா இருந்தால் எதிரில் இருப்பவர் பேசுகிறார். அதைக் கற்றுக்கொண்டேன்.

இன்னொன்றும் செய்தேன். எங்கள் கடையில் தரையில் மெத்தை போட்டு வெள்ளைத் துணி விரித்திருக்கும். அதில் உட்கார்ந்துதான் புடவை காட்டுவோம். வாசலை ஒட்டி இருப்பது முன் மெத்தை. முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள் அங்கேதான் உட்காருவார்கள். பெரிய விற்பனை அங்கேதான் நடக்கும். அதில் உட்காருபவருக்குச் சம்பளத்துக்கு மேல் கமிஷன் கிடைக்கும். அதுவரை வேண்டியவர்களைத்தான் அங்கே உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். அதை நிறுத்தி, வாரம் ஒருவர் என்று பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

ஆறு மாதம் ஒருவரும் நிற்கவில்லை. பெருமையாக இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

தென்னேரியிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மற்றவர்கள் ஐம்பது புடவையைப் பிரித்துப் போட்டு மலைபோல் குவிப்பார்கள். அவள் வந்தவரை ஒரு தடவை பார்ப்பாள். மூன்று நான்கு எடுப்பாள். அதிலேயே முடிந்துவிடும். எங்களில் யாருக்கும் அந்தக் கை இல்லை.

முன் மெத்தை முறை வந்தபோது இரண்டு தடவை வேறு ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தாள். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"ஏம்மா, அந்த எடத்துக்கு எல்லாரும் அடிச்சிக்கறாங்க. நீ வேணான்ற."

"நான் பின்னாடியே இருந்துக்கறேண்ணா."

நான் பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே சொன்னாள்.

"அவரு போயி மூணு வருஷம் ஆவுதுண்ணா. வண்டில வந்துக்கினு இருந்தாரு. லாரி இடிச்சிட்சி."

எனக்குத் தெரியாது. கடையில் பெண்கள் எல்லோருக்கும் ஒரே கலர் புடவை, நெற்றியில் பொட்டு, தலையில் பூ. பூவைக் கடையே கொடுக்கும். யாரைப் பார்த்தாலும் ஒரே மாதிரி இருப்பார்கள்.

"பூவை இங்க வெச்சிக்கறேன். பஸ் ஏறும்போது எடுத்து பையில போட்டுக்கறேன்" என்றாள். "கல்யாணப் புடவைய என் கையால எடுத்துக் குடுத்தேன்னு யார்னா கண்டுபுடிச்சா நாறிடும்ணா. என் பொண்ணு பத்தாவது போறா. இந்த வேலை எனக்கு வேணும்."

"இந்தக் காலத்துல அதெல்லாம் யாரும்மா பாக்கறாங்க?"

"பாக்கறாங்கண்ணா."

"எதுனா வந்தா நான் இருக்கேன். நான்தான் உக்கார வெச்சேன்னு சொல்றேன். நீ உக்காரு."

டிபன் டப்பாவை மூடிக்கொண்டே யோசித்தாள். "நீங்க சொல்றீங்க. உக்காரறேன்" என்றாள்.

பட்டியல் என்றால் எல்லோருக்கும்தான். ஒருத்தியை மட்டும் விடுவது அநியாயம். அது இன்றைக்கும் சரி என்றுதான் நினைக்கிறேன். முதலாளியை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். கேட்காமல் விட்டதைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு முறை உட்கார்ந்தாள். நன்றாக விற்றாள். மூன்றாவது முறை ஆவணியில் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வேனில் பதினான்கு பேர் வந்து இறங்கினார்கள். கல்யாணப் பெண் ஏதோ கம்பெனி வேலை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை, நேராக ஷிப்டிலிருந்து வந்திருந்தது. தென்னேரிப் பெண் மூன்றாவதாக எடுத்தது அரக்குப் புடவை, பச்சைக் கரை. பெண்ணின் தோளில் போட்டு, கொசுவம் பிடித்து, கண்ணாடி பக்கம் திருப்பினாள். அந்தப் பெண்ணுக்கு முகமே மாறிவிட்டது. "அம்மா, இதான்" என்றது.

முகூர்த்தப் புடவை முடிந்தால் தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், வெற்றிலையோடு வைத்துக் கொடுப்பது கடை வழக்கம். அவள் வைத்து நீட்டினாள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, அதுவரை நாற்காலியில் காபி குடித்துக்கொண்டிருந்தவள், எழுந்து கிட்டே வந்தாள்.

"ஏம்மா, நீ தென்னேரிதான?"

"ஆமாங்க."

"லாரில அடிபட்டுப் போனாரே, அவரு சம்சாரந்தான நீ?"

தாம்பாளத்தை வாங்க நீட்டிய கையைப் பெண்ணின் அம்மா இழுத்துக்கொண்டாள்.

"பொட்டும் பூவும் வெச்சி உக்கார வெச்சிருந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க வூட்ல மொதல் கல்யாணம்யா இது" என்று அந்த அத்தை கல்லாவைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"அத்தை, அதுல இன்னா இருக்குது? எனக்கு இந்தப் பொடவைதான் வேணும்" என்றது கல்யாணப் பெண்.

"நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது."

முதலாளி வந்தார். அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"யாருப்பா இவங்களை இங்க உக்கார வெச்சது?"

"பட்டியல்ல வந்திச்சிங்க."

"இவங்க விஷயம் உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

கிராம்பைக் கடித்தேன். நாக்கு எரிந்தது. உடனே பதில் சொல்லாமல் இருப்பது நான் கற்றுக்கொண்ட பழக்கம். அந்த நேரத்துக்குள் வேனில் வந்த பதினான்கு பேரையும் பார்த்தேன். முதலாளி முகத்தைப் பார்த்தேன். என் வயதை நினைத்தேன்.

"தெரியாதுங்க. அவங்க எங்கிட்ட சொல்லல" என்றேன்.

கத்தவில்லை. பொறுமையாகத்தான் சொன்னேன். பழைய ஆளாக இருந்திருந்தால், யோசிக்கிறதுக்கு முன்னாலேயே 'ஆமா, நான்தான் வெச்சேன், இப்ப இன்னா?' என்று வாயில் வந்திருக்கும். வந்த பிறகு திரும்ப முழுங்க முடியாது. அந்த ஆளை நானே மெனக்கெட்டு ஒழித்திருந்தேன்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு முதலாளியிடம் சொன்னாள்.

"ஆமாங்க. நான் சொல்லல. அவரு மேல தப்பு இல்ல."

தாம்பாளத்தை மெத்தையில் வைத்தாள். படி ஏறி மேலே போய்விட்டாள்.

முதலாளி கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். நான் வேறு புடவைக் கட்டிலிருந்து அதே அரக்கு, அதே பச்சை எடுத்துப் பிரித்தேன். கல்யாணப் பெண் கண்ணாடியைப் பார்க்கவில்லை. "எதுனா எடுங்க" என்றது. எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவளை மாடியிலேயே போட்டுவிட்டார்கள். பெட்டி கட்டுகிற வேலை. வெறும் சம்பளம். மறுநாள் மேலே போனேன். பஸ்ஸில் வரும்போதே என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன்.

"இன்னா இருந்தாலும் நான் அப்படி…" என்று ஆரம்பித்தேன்.

அவள் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். "விடுங்க சார். கீழ ஆளுங்க வந்திருப்பாங்க."

அதுவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கீழே பட்டியல் சுவரிலேயே இருந்தது. சாப்பாட்டுக்கு யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும், "எல்லாம் நல்லா இருக்குதுண்ணா" என்றார்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அவர்களும் சும்மா இருந்தார்கள். வாய் நீளமான ஒருத்தி மட்டும் ஒரு நாள் சொன்னாள்.

"உங்ககிட்ட சொல்லி இன்னாண்ணா ஆவப்போவுது? எப்படியும் உங்களுக்குத் தெரியாதுதான?"

மற்றவர்கள் சிரிக்கவில்லை. சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

கார்த்திகை வரைக்கும் தாங்கினேன். ஒரு நாள் காலையில் கடைக்கு யாரும் வருவதற்கு முன்னால் முதலாளியிடம் போய் நின்றேன்.

"அன்னிக்கி நான் பொய் சொன்னேங்க. அந்தம்மா எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தாங்க. நான்தான் உக்காருன்னேன்."

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியும்பா."

"எப்படிங்க?"

"வேலைக்குச் சேரும்போதே எழுதிக் குடுத்தாங்க. எனக்கும் தெரியும். நல்லா வித்துக்கினு இருந்தாங்க. விட்டுட்டேன்."

அவர் பேப்பரை மடித்தார்.

"அன்னிக்கி நீ தெரியும்னு சொல்லியிருந்தா, அவங்க எதிர்லயே ரெண்டு பேரையும் வேலைய விட்டு நிறுத்தியிருக்கணும். தெரியாதுன்ன. கடை தப்பிச்சிச்சி. அந்தம்மாவும் வேலைல இருக்காங்க. இதாம்பா பொறுப்பு."

அவர் சொன்னதில் எனக்குத் தப்பு கண்டுபிடிக்கத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. அதனால்தான் இன்னும் கசக்கிறது.

"அவங்களைத் திருப்பிக் கீழ கூப்பிட்டுக்கலாங்களா? பின்னாடியாவது உக்காரட்டும்."

"வேணாம். வந்தவங்க ஊர்ல போய்ச் சொல்லியிருப்பாங்க." மடித்த பேப்பரைக் கல்லாமேல் வைத்தார். "நீ இப்ப நல்லாப் பக்குவப்பட்டுட்ட. மாடியையும் நீயே பாத்துக்கோ."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஸ்டாக் ரூமில் நின்று மடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். "சரிங்க" என்றேன்.

மறுநாள் மேலே போனேன். நான்கு பேர் தரையில் உட்கார்ந்து பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இனிமேல் நான்தான் மாடிக்கும் என்று ஏற்கெனவே யாரோ சொல்லியிருக்கவேண்டும். மூன்று பேர் நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அவள் மட்டும் எழுந்து நின்றாள்.

"உக்காரும்மா" என்றேன்.

"பரவால்ல சார். சொல்லுங்க, இன்னா செய்யணும்?"

ஜன்னல் பக்கம் போனேன். பெட்டிகளை எண்ணுவதுபோல் பார்த்தேன். திரும்பி வந்தேன். நான் படி இறங்குகிறவரை அவள் உட்காரவில்லை.