சிவக்காத புண்

அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

மூன்று வருடம் அவன் கொடுத்த மாத்திரையைத் தின்றேன். ஆத்தூர்ப் பக்கம் எங்களுக்குத் தக்காளியும் சம்பங்கியும் உண்டு. பூப்பறிக்கக் குனிந்து குனிந்து என் முட்டி இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. சந்தைக்குப் போகும் சாலையில் ஒரு அறை எடுத்து அவன் வைத்தியம் பார்த்தான். டாக்டருக்குப் படித்தவன் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். பேப்பரில் மடித்து மூன்று மாத்திரை தருவான். விழுங்கினால் மறுநாள் பஸ் படி ஏறலாம். கொஞ்ச நாளில் என் முகம் உருண்டு வந்தது. தேறிவிட்டேன் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நானும் கண்ணாடியில் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால்தான் இன்றும் வயிறு எரிகிறது.

போன வருடம் மாட்டுக்குப் புல் அறுக்கும்போது அரிவாள் வழுக்கிக் கெண்டைக்காலில் இறங்கியது. தையல் போட்டார்கள், பிரித்தார்கள், வாய் மூடவில்லை. சிவக்கவில்லை, வீங்கவில்லை, சுடவும் இல்லை. இரண்டு மாதம் ஈரக் களிமண் மாதிரி வெளுத்துப் போய்த் திறந்தே கிடந்தது. அவனிடமே போய்க் காட்டினேன். மாத்திரையில் ஒன்றைக் கூட்டிக் கொடுத்தான்.

கடைசியில் வீட்டுக்காரர் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு வண்டியில் கூட்டிப் போனார். சர்க்கரையாக இருக்குமோ என்று ரத்தம் எடுத்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. டாக்டரம்மா புண்ணைப் பார்த்ததைவிட என் முகத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். வலிக்கு என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். பையிலிருந்த பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"இதுல ஒண்ணு ஸ்டீராய்டும்மா. உங்க முகம் உருண்டு வந்ததும் இதனாலதான்" என்றார். "காயம் பட்டா ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுக்கள்தான் முதல்ல ஓடி வரும். செவக்கிறது, வீங்குறது எல்லாம் அதுக வந்ததுக்கு அடையாளம். முன்னாடி வர்றது கிருமியைக் கொல்லும். பின்னாடி வர்றது செத்ததைத் தின்னு சுத்தம் பண்ணி, புதுச் சதை வளர வழி பண்ணும். உங்க கால்ல அந்த வேலையைச் சரியா நடக்க விடாம இந்த மாத்திரை அமுக்கி வச்சிருக்கு."

உடனே நிறுத்தவும் கூடாதாம், உயிருக்கே ஆபத்தாம். வாரத்துக்கு வாரம் அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். குறையக் குறைய முட்டி வலி பழையபடி வந்தது. கக்கூஸில் உட்கார்ந்து எழ முடியாமல் அழுதிருக்கிறேன். அழும்போதெல்லாம் அவன் விரல்களை ஒவ்வொன்றாக ஒடிப்பதாக நினைத்துக்கொள்வேன். தப்பாகத் தோன்றியதே இல்லை.

ஒருநாள் கட்டு மாற்றும்போது புண்ணின் ஓரம் சிவந்திருந்தது. தொட்டால் சுட்டது. பயந்துகொண்டு போய்க் காட்டினேன். டாக்டரம்மா, புண்ணின் அடியில் பொடிப்பொடியாகச் சிவப்பு மணிகள் கிளம்பியிருந்ததைக் காட்டி, அதுதான் புதுச் சதை என்றார். இனி ஆறிவிடும் என்றார். எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. இந்தக் கால் ஆறி முடிவதற்குள் அவன் அறைக்குப் போய்விட வேண்டும் என்ற அவசரம்.

செவ்வாய்க்கிழமை அங்கே கூட்டம் இருக்கும். போய் பெஞ்சில் உட்கார்ந்து, சேலையைத் தூக்கிக் கட்டைப் பிரித்து, பக்கத்தில் இருந்தவர்களுக்குப் புண்ணைக் காட்டினேன். என்ன மாத்திரை, அது என்ன செய்தது என்று டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அவன் எழுந்து வந்து, "அக்கா, நான் கெடுதல் நெனச்சா குடுத்தேன்? உள்ள வாங்க, பேசிக்கலாம்" என்றான். நான் போகவில்லை. அடுத்த செவ்வாயும் போனேன். அதற்கடுத்த செவ்வாயும் போனேன். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும் திங்கட்கிழமையில் பொட்டலத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். ஒரு நாள் அதிகாரிகள் வந்து அறைக்குச் சீல் வைத்தார்கள். எதிர்ச் சாரியில் நின்று பூட்டுப் போடும்வரை பார்த்தேன்.

ஊரில் எல்லோரும் என்னைப் பாராட்டவில்லை. என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பம்ப் செட்டில் வழிமறித்தாள். "ஒனக்கு ஆறிப்போச்சு. நான் இந்த முட்டிய வச்சுக்கிட்டு யாருகிட்டப் போவேன்?" என்றாள். பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போவதாகச் சொன்னேன். அவள் நொண்டிக்கொண்டே போனாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வலியையும் அவன் கணக்கில்தான் சேர்த்தேன்.

புண் மூடி நாலு மாதம் கழித்து, அவன் குஜிலியம்பாறைப் பக்கம் கடை விரித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். திண்டுக்கல்லில் பஸ் மாறிப் போனேன். ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"இன்னும் ஆறலயாக்கா?" என்றான்.

"ஆறிருச்சு. நீ உக்காரு, நான் இவுகளுக்குச் சொல்லிட்டுப் போறேன்."

சொல்லி முடிக்கும் முன்னால் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கலைந்தார்கள். கடைசி ஆள் போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு எதிரே இருந்த கடையில் இரண்டு வடையும் டீயும் சாப்பிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் ருசியாக இருந்தது.