மதில் தாண்டிப் போன புல்

மெட்டில்டா மிஸ்ஸின் கைப்பையில் சீப்பு இருக்காது, பவுடர் இருக்காது. ஒரு டிஞ்சர் பாட்டிலும் கொஞ்சம் பஞ்சும் எப்போதும் இருக்கும். கிழக்குத் தாம்பரத்தில் நான் கணக்கு வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தில் அவர் பி.டி. டீச்சர். எங்கள் கிரவுண்டு முழுக்கச் சரளைக்கல். கோகோ ஆடும் பெண்களில் முட்டி தேயாதவள் ஒருத்திகூடக் கிடையாது. பெற்றோர்கள் வந்து கத்துவார்கள். மிஸ் பாட்டுக்குப் பஞ்சை டிஞ்சரில் நனைத்துக்கொண்டிருப்பார்.

அவருக்கே அப்படி ஒரு முட்டி உண்டு. மாடம்பாக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து ஓட்டப்பந்தயம் பழகிய பெண். மாவட்டப் போட்டியில் இதே மாதிரி ஒரு சரளைத் தரையில் விழுந்தார். கால் சரியாயிற்று, ஓட்டம் போயிற்று. அதைச் சொல்லி அவர் அழுது நான் பார்த்ததில்லை. மழை நாட்களில் லேசாக நொண்டுவார். யாராவது கேட்டால், ரேடியோவைவிட என் முட்டி மழையைச் சரியாகச் சொல்லும் சார் என்பார்.

2005இல் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததுமே கரஸ்பாண்டென்ட் உஸ்மான் சார் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பள்ளி வேன்கள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கின்றன, தெருக்காரர்கள் தினம் சண்டைக்கு வருகிறார்கள், கிரவுண்டில் சிமெண்டுத் தளம் போட்டு வேன்களை உள்ளே விட்டுவிடப் போகிறேன் என்றார். அவர் கெட்டவர் இல்லை. மரக்கடை நடத்திச் சம்பாதித்ததைப் பள்ளியில் போட்டவர். அவர் கண்ணுக்கு அது பிள்ளைகள் விழுந்து வாருகிற பொட்டல், அவ்வளவுதான்.

மிஸ் நேராக அவர் அறைக்குப் போய், அங்கே புல் வளர்த்துக் காட்டுகிறேன் என்றார். உஸ்மான் சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஒப்புக்கொண்டார்.

"பொங்கல் வரைக்கும் டைம் எடுத்துக்கங்க மிஸ். பச்சையா இருந்தா கிரவுண்டு உங்களுது. இல்லேன்னா சிமெண்டுதான்."

ஆடி பிறந்ததும் மிஸ் அருகம்புல் விதை வாங்கி வந்தார். மார்க்கெட் கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்: இப்போதே தூவுங்கள், நாள் தவறாமல் தண்ணீர் காட்டுங்கள், ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது யாருக்குத்தான் தெரியாது? ஆனால் தண்ணீருக்கு எங்கே போவது? அதற்கு முந்தைய வருஷங்களில் நாங்கள் பட்டது நாய் படாத பாடு. கிணறு வறண்டு, பாடம் நடத்துவதை விட்டுவிட்டு லாரி வருகிறதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த பள்ளி அது. குடிக்கிற தண்ணீரைத் தரையில் கொட்ட மிஸ்ஸுக்கு மனம் வரவில்லை. தாம்பரம், மேடவாக்கம் பக்கம் இருந்த யாருக்குமே வந்திருக்காது, குடத்தோடு வரிசையில் நின்று பழகிய புத்தி. மழை வரட்டும், ஓசியில் முளைக்கட்டும் என்று விதையை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைத்தார். ஸ்டாஃப் ரூம் மொத்தமும் அதுதான் புத்திசாலித்தனம் என்றது.

ஐப்பசியின் முதல் தூறலில் டப்பாவைத் திறந்தார். விதையை மணலோடு கலந்து கோகோ பெண்கள் வரிசையாக நடந்து தூவினார்கள். அன்று மிஸ் கல்யாண வீட்டுக்காரி மாதிரி வளைய வந்தார்.

அதற்குப் பிறகு வந்ததை மழை என்று சொல்லக் கூடாது. அந்த வருஷம் இந்தப் பக்கம் குடியிருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏரியெல்லாம் தெருவுக்கு வந்துவிட்டது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். திறந்து போய்ப் பார்த்தால், கிரவுண்டு கழுவிக் கவிழ்த்த தட்டு. விதையும் மணலும் மேல்மண்ணும் தென்பக்க மதிலின் அடியில் இருந்த தண்ணீர்த் துளை வழியே போய்விட்டிருந்தன. காய்ந்தும் கெடுக்கும், பெய்தும் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த மழையின் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

உஸ்மான் சார் வந்து பார்த்தார். உங்கள் மேல் தப்பில்லை மிஸ் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் மிஸ் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பார். டிசம்பரில் கொத்தனார் வந்து கயிறு பிடித்து அளந்தார். பொங்கல் கழிந்ததும் வேலை ஆரம்பம் என்று பேச்சு. அளந்து முடிக்கும்வரை மிஸ் ஜன்னல் பக்கமே வரவில்லை.

அரையாண்டு விடுமுறை முடிந்த வாரம், த்ரோபால் பந்து தென்பக்க மதிலைத் தாண்டிப் பக்கத்துக் காலி மனையில் விழுந்தது. எடுக்கப் போன பெண்களைக் காணோம். திட்டுவதற்காக மிஸ் புறப்பட, துணைக்கு நானும் போனேன்.

மதிலுக்கு அந்தப் புறம், தண்ணீர்த் துளைக்குக் கீழே இருந்த பள்ளத்தில், பாய் விரித்த மாதிரி அருகம்புல். பெண்கள் அதில் மல்லாந்து கிடந்தார்கள். ஓரமாக ஒரு பசு மேய்ந்துகொண்டிருந்தது. மிஸ் அப்படியே உட்கார்ந்து இரண்டு கையாலும் புல்லைத் தடவினார். சிரித்தாரா அழுதாரா என்று கேட்டால், இரண்டும்தான்.

பசு கங்கையம்மாளுடையது. எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர், அந்த மனைக்குக் காவலும் அவர்தான். இது எங்கள் விதை, பெயர்த்துக்கொள்ளட்டுமா என்று மிஸ் கேட்டதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"இன்னா டீச்சரம்மா, புல்லு மேல உம் பேரு எய்தி கீதா? எம் மாடு இன்னாத்த துன்னும்?"

மிஸ் கொஞ்சம் யோசித்தார். பாதி எங்களுக்கு, பாதி மாட்டுக்கு என்றார். கிரவுண்டு பச்சையாகிவிட்டால், அங்கே வெட்டுகிற புல் முழுவதும், பள்ளி இருக்கும்வரை, உங்கள் மாட்டுக்குத்தான் என்றார். கங்கையம்மாள் மதிலையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தானே போய் மண்வெட்டி எடுத்து வந்தார்.

கொத்துக் கொத்தாகப் பெயர்த்து, வேரோடு பிய்த்து, சாண் இடைவெளி விட்டு நட்டோம். கொட்டுகிற மழை ஓய்ந்து, வெயில் இன்னும் ஏறாத மார்கழிக் கடைசி. விதைத்தபோது தவறவிட்ட காலம் நட்டபோது தானாக வந்து வாய்த்தது. மண்ணில் ஈரம் இருந்தது. கிணறு வேறு கைக்கு எட்டுகிற அளவுக்கு நிரம்பிக் கிடந்தது. புல்லுக்குத் தண்ணீரா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பொங்கல் கழிந்து உஸ்மான் சார் கொத்தனாரோடு வந்தார். உள்ளதைச் சொன்னால் அது புல்தரையே இல்லை. வழுக்கைத் தலையில் முடி முளைக்கிற மாதிரி அங்கங்கே பச்சைப் புள்ளிகள். சார் குனிந்து ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். நுனி மட்டும் கையோடு வந்தது, வேர் அசையவில்லை.

"புடிச்சிடுச்சே மிஸ்" என்றார்.

கொத்தனாரிடம் திரும்பி, வாசல் ஓரமாக மட்டும் வேனுக்குத் தளம் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். மிஸ் விட்ட மூச்சு எனக்கே கேட்டது. எனக்கும் அப்பாடா என்று இருந்தது. அன்று மத்தியானச் சாப்பாடு ருசித்த மாதிரி அந்தப் பள்ளியில் என்றைக்கும் எனக்கு ருசித்ததில்லை.

அடுத்த ஆடிக்குள் புல் தரையை மூடிவிட்டது. வெட்டிய புல்லைக் கங்கையம்மாள் கட்டிக் கொண்டுபோனார். ஒருநாள் கோகோ ஆட்டத்தில் ஒருத்தி ஓடி வந்த வேகத்தில் குப்புற விழுந்தாள். மிஸ் வழக்கம்போல் டிஞ்சர் பாட்டிலைத் திறந்துகொண்டே நொண்டி ஓடினார். எழுந்தவளின் முட்டியில் ரத்தம் இல்லை. பச்சையாக ஒரு கறை, அவ்வளவுதான். மிஸ் அதை விரலால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு பாட்டிலை மூடினார்.

மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மா வந்து, வெள்ளை யூனிஃபார்மில் புல் கறை எத்தனை தேய்த்தும் போகவில்லை என்று சத்தம் போட்டார். மிஸ் முகம் மலர நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டார்.