சரோஜா வீட்டில் குளியல் தொட்டி இல்லை

நீங்கள் கடைசியாகக் குளியல் தொட்டியில் இறங்கிக் குளித்தது எப்போது? யோசிக்கிறீர்கள், இல்லையா?

என் சித்தி மகள் சரோஜா அப்படி ஒன்றை டிவியில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். ஆனால் அந்தத் தொட்டி அவளுடைய வைத்தியத்தையே கவிழ்க்கப் பார்த்தது!

சரோஜா மலேசியாவின் கேரி தீவில் இருக்கிறாள். எண்ணெய் எடுக்கும் செம்பனையின் நாற்றுப் பண்ணையில் வேலை. முடக்குவாதம் வந்து விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது. லீவு மேல் லீவு. இப்படியே போனால் வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்று பண்ணையில் சொல்லிவிட்டார்கள். வழக்கமான மாத்திரைகள் அவளிடம் தோற்றுப்போயின.

பக்கத்து நகரமான கிள்ளானில் அவளைப் பார்க்கும் டாக்டர்தான் வழி சொன்னார். கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில், மூட்டு நோய்க்கான புது ஊசியைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். அதில் சேர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள் என்றார்.

சரோஜாவின் கணவர் கணேசன் குதித்தார். "நம்மள எலி மாதிரி வச்சு குத்திப் பாப்பாங்களா? வேணாம்!"

நான் போனில் சமாதானம் சொன்னேன். "மாப்பிள்ளை, போய் என்னான்னு கேட்டுட்டு வரோம். பிடிக்கலன்னா எந்திரிச்சு வந்துடப் போறோம். கையக் காலக் கட்டியா வச்சிருக்கப் போறாங்க?"

சரோஜா கிள்ளானிலிருந்து ரயிலில் வந்தாள். நான் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ்வாசி... நடந்துபோய் ஸ்டேஷனில் காத்திருந்து, அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண்மணி. பொறுமையாக மலாயில் விளக்கினார். புரியாத இடங்களில் நான் தமிழில் சொன்னேன். ஊசியில் மருந்து இருக்கலாம், வெறும் உப்பு நீரும் இருக்கலாம் – யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். சரோஜா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிக்கா, சேர்றேன்" என்றாள்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. கொஞ்சம் சீக்கிரமாகவே அப்பாடா சொல்லிவிட்டேன்.

அடுத்து ஒரு நர்ஸ், எங்கள் பேச்சில் மிஸ்ஸி, கேள்வி கேட்க வந்தார். நோய் எவ்வளவு கடுமை என்று கணிப்பதற்கான கேள்விகள். எல்லாம் மலாயில்.

குளியல் தொட்டியில் இறங்கி ஏற முடிகிறதா? சரோஜா என்னைப் பார்த்தாள். வீட்டில் தொட்டியே இல்லையே! "பிரச்சினை இல்ல மிஸ்ஸி" என்றாள்.

காரில் ஏறி இறங்க? அவர்களிடம் இருப்பது மோட்டார் சைக்கிள். "பிரச்சினை இல்ல."

போத்தல் மூடியைத் திறக்க? "அதுலயும் பிரச்சினை இல்ல மிஸ்ஸி." திறப்பது மகள்தான் என்பதை யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கணக்குப் பார்த்த நர்ஸ், "உங்களுக்கு நோய் அவ்வளவு கடுமையாக இல்லை. இதில் சேர்க்க முடியாதே" என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"ஏம்மா, வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று தமிழில் கடிந்துகொண்டேன்.

"அவங்க வலிக்குதான்னு கேக்கவே இல்லியேக்கா!"

நியாயமான பதில். நான் எழுந்துபோய் டாக்டரைக் கூட்டிவந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நேற்றுக் காலை கண் விழித்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்? ஒன்று விடாமல் சொல்லுங்கள்" என்றார்.

சரோஜா சொன்னாள். விரல் மடங்கும்வரை படுக்கையிலேயே கிடந்தது. குழாயை முழங்கையால் திருப்பியது. வாளியைத் தூக்க முடியாமல், காலால் தள்ளிக்கொண்டு போனது. கழிப்பறையில் குந்தி உட்கார்ந்துவிட்டு, எழ முடியாமல் மகளைக் கூப்பிட்டது... அதைச் சொல்லும்போது மட்டும் அவள் தலை குனிந்தது.

டாக்டர் அவள் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு மூட்டு மூட்டாக அழுத்திப் பார்த்தார். கறுத்த தோலில் வீக்கத்தின் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, விரலால்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று நர்ஸுக்கும் காட்டினார்; கணக்கைப் புதிதாகப் போடச் சொன்னார்.

"எங்கள் சோதனைகளுக்கு வருபவர்கள் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கிற, சுலபமாக லீவு கிடைக்கிற நகரத்துக்காரர்கள்" என்றார் என்னிடம். "அவர்களை மட்டும் வைத்துச் சோதித்தால், தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மருந்து எப்படி என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரத்தப் பரிசோதனை முடிந்து, சில நாளில் போன் வந்தது. சரோஜாவைச் சேர்த்துக்கொண்டார்கள்! சந்தோஷத்தில் நான் அடுப்பில் வைத்த பாலை மறந்தேன். அடி பிடித்த வாசனை சாயங்காலம்வரை வீட்டில் இருந்தது. இருக்கட்டுமே!

இப்போது சரோஜா தவறாமல் போய்வருகிறாள். பாதிப் பரிசோதனைகளைக் கிள்ளானிலேயே செய்துகொள்ள ஏற்பாடாகிவிட்டது. தமிழில் விளக்கத்தாள் வந்திருக்கிறது. வாளியும் குந்தி உட்காருவதும் கேள்விகளில் இடம்பிடித்திருக்கின்றன. பக்கத்து ஊரான ஜெஞ்சாரோமிலிருந்தும் ஓர் அக்கா சேர்ந்திருக்கிறாராம். சரோஜா வீக்கம் குறைந்து, பண்ணை வேலைக்கும் திரும்பிவிட்டாள்.

ஊசியில் இருந்தது மருந்தா, உப்பு நீரா? யாருக்கும் தெரியாது. ஆராய்ச்சி முடிந்தால்தான் சொல்வார்கள்.

கேள்வியை மாற்றிக் கேட்டது பலித்துவிட்டது. அதற்கு ஆராய்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை!